கடலோரத்துப் பழைய கார்: எஞ்சினை மாற்றுவதா, காரையே மாற்றுவதா?

உவர்மலையான் | சனி, காலை 6.50

நான்கு நாட்களாக வீட்டில் ஒரே வழக்கு. இங்கே கொண்டுவந்து வைக்கிறேன், தீர்ப்புச் சொல்லுங்கள்.

கார் 2001 ஆம் ஆண்டு ஜப்பான் தயாரிப்பு, 1500 சிசி, பெற்றோல். எந்தக் கம்பனியின் கார் என்று வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பத்தாவது பதிவுக்குள் எந்தக் கம்பனி உயர்ந்தது என்ற சண்டை தொடங்கிவிடும், போன முறை பார்த்தோம். அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு 2007 இல் வாங்கியது. மீற்றரில் 2,38,000 கிலோமீற்றர்.

காலையில் முதன்முதலாகத் தொடங்கும்போது பின்னால் நீலப் புகை குப்பென்று வருகிறது. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். சும்மா நின்று ஓடும்போது எஞ்சின் நடுங்குகிறது. ஏற்றத்தில் இழுவை இல்லை. ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் ஒயில் குடிக்கிறது. வழக்கமாகப் போகும் கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறந்தார், காது கொடுத்துக் கேட்டார், மூடினார். "எஞ்சின் முடிந்துவிட்டது. ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்று போடுவோம், கூலியோடு 4,85,000" என்றார். ஐந்து நிமிட வேலை.

அம்மாவை மாதம் ஒரு தடவை திருகோணமலையிலிருந்து கண்டிக்குக் கிளினிக்கிற்குக் கொண்டுபோக வேண்டும். திரும்பும்போது ஹபரணையிலேயே இருட்டிவிடும். அங்கிருந்து கந்தளாய் வரும்வரை யானை வழியை மறிக்கும் பாதை. அந்த இடத்தில் கார் நின்றால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். தங்கச்சி இதை விற்றுவிட்டு லீசிங்கில் சின்ன ஹைபிரிட் ஒன்று எடுக்கச் சொல்கிறாள். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. நேற்று மாலை வாளியில் தண்ணீர் எடுத்துவந்து காரைக் கழுவினார், அவ்வளவுதான்.

கிண்ணியா நானா | சனி, காலை 7.15

தம்பி, கம்ப்ரஷன் பார்த்தார்களா?

உவர்மலையான் | சனி, காலை 7.22

இல்லை நானா. காது கொடுத்ததோடு சரி.

கிண்ணியா நானா | சனி, காலை 7.40

அப்படியென்றால் எஞ்சின் முடிந்தது என்று சொன்னது மருத்துவம் இல்லை, சாத்திரம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று விழுந்திருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு சின்னக் கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஒயில் போய் இடைவெளியை அடைத்துவிட்டது என்று பொருள். ஏறாவிட்டால் கோளாறு மேலே, பெரும்பாலும் வால்விலே. இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நீங்கள் சொல்லும் புகையும் வால்வுப் பக்கத்தைத்தான் காட்டுகிறது. ரிங் போன எஞ்சின் ஓட ஓடப் புகைக்கும், அழுத்தி மிதித்தால் இன்னும் கூடப் புகைக்கும். காலையில் மட்டும் குப்பென்று வந்து அடங்குவது, இரவெல்லாம் வால்வு சீல் வழியாக ஒயில் சொட்டுச் சொட்டாக இறங்கியதால். சீல் என்பது ரப்பர். எஞ்சினோடு ஒப்பிட்டால் அதன் விலை தேநீர்க் காசு.

இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு ரூபாவும் எண்ணிக் கொடுக்காதீர்கள்.

ஏழுசுனை | சனி, காலை 8.05

தண்ணீர் கொதிக்கிறதா, ஒயில் மூடியின் உட்பக்கம் பால் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள் அண்ணா. என் சின்ன 800 சிசி காருக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ரேடியேற்றருக்குள் சுண்ணாம்பு கட்டிவிட்டது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு அடுத்த எட்டாவது கிணறு என்று என் கணவர் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். கூலன்ட் போடத் தொடங்கிய பிறகு வழிக்கு வந்தது.

கணக்கன் | சனி, காலை 9.30

பழுது பார்ப்பவர்கள் பழுதைப் பார்க்கட்டும், நான் பணத்தைப் பார்க்கிறேன்.

வெளிநாட்டுக் காணொளிகளில் ஒரு விதி சொல்வார்கள்: பழுதுச் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் காரை விற்றுவிடு என்று. இலங்கையில் அந்த விதி வேலை செய்யாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் காருக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து ஆண்டு புதிய கார் வராத நாட்டில் பழைய கார் தங்கம் மாதிரி விலை ஏறியது. இடையில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியது. இப்போது கப்பலில் வந்தாலும் தீர்வை, எஞ்சின் அளவுக்கு ஏற்ற வரி, அதன்மேல் 18 சதவீத வற் என்று எல்லாம் ஏறித்தான் கடைக்கு வருகிறது. ஆகவே உங்கள் 24 வயதுக் காரை யாராவது 36 இலட்சத்துக்குக் கேட்டால் வியக்க வேண்டாம். அதில் பாதி 18 இலட்சம். 18 இலட்சத்துக்கு எஞ்சின் போடும் முட்டாள் யார்? அந்த விதிப்படி பார்த்தால் நீங்கள் இந்தக் காரை ஆயுளுக்கும் விற்க முடியாது.

நான் வேறு மாதிரி அளப்பேன். பழுதோடு விற்றால் 36 கிடைக்காது, 33 என்று வையுங்கள். ஓரளவு நம்பக்கூடிய சின்ன ஹைபிரிட் 62 என்று வையுங்கள். இடைவெளி 29 இலட்சம். ஐந்து ஆண்டு லீசிங், ஆண்டுக்கு 13 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 66,000. அதன்மேல் லீசிங் இருக்கும்வரை முழுக் காப்புறுதி கட்டாயம். கராஜ்காரர் கேட்ட 4,85,000 என்பது ஏழரை மாதத் தவணை. அதற்குமேல் கார் உழைத்தால் பழுது இலாபம். உழைக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு எனக்குப் பதில் தெரியாது.

மூதூர் பயணி | சனி, காலை 10.10

கணக்கன் ஐயா ஒரு வழியை விட்டுவிட்டார்: கார் இல்லாமலே இருப்பது. நான் 2022 இல் விற்றேன். பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் வரிசையில் இரவு தூங்கினால்தான். எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த பிறகு காருக்கு வாரம் 20 லீற்றர். கண்டிக்குப் போய்த் திரும்பினால் அதற்குமேல் வேண்டும். இப்போது ஊருக்குள் ஓட்டோ. கண்டிக்கு எனக்குத் தெரிந்த பையனின் வான், ஒரு பயணத்துக்கு 28,000. ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை என்றால் 3,36,000. உங்கள் எஞ்சின் காசைவிடக் குறைவு. ரயர், பற்றரி, வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ் எதுவும் என் தலையில் இல்லை.

ஏழுசுனை | சனி, காலை 10.25

நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால் அந்தப் பையன் வருவானா அண்ணா?

மூதூர் பயணி | சனி, காலை 10.31

வந்திருக்கிறான், இரண்டு தடவை. ஆனால் கேள்வி நியாயமானது.

நிலாவெளி பாஸ் | சனி, பிற்பகல் 1.45

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். முப்பத்தொரு ஆண்டு டிங்கர் வேலை, அதாவது காரின் தகர வேலை, செய்தவன் சொல்கிறேன், தம்பி: எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கேட்டால் ஜப்பானில் கழற்றிய எஞ்சின் மரப்பலகையில் ஏறி அடுத்த நாள் லொறியில் வந்துவிடும். காரின் பொடியை, அந்தத் தகர உடம்பை, எங்கே வாங்குவீர்கள்? திருகோணமலைக் கார் எஞ்சினால் சாவதில்லை, கறளால் சாகிறது.

உவர்மலை என்கிறீர்கள். பக்கத்திலேயே உள்துறைமுகம், உப்புக்காற்று. உங்கள் கார் 18 ஆண்டாக உப்புக்குள் ஊறிக் கிடக்கிறது. நான் சொல்லும் இடங்களை மட்டும் பாருங்கள். கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் பெட்டி, இரண்டு பக்கமும். ஓட்டுநர் கால் மிதிக்கும் தரை, விரிப்பைத் தூக்கிவிட்டு. பின் சில்லு வளைவின் உட்பக்கம். எல்லாவற்றையும்விட முக்கியம், பின் சஸ்பென்ஷன் பொடியோடு பூட்டியிருக்கும் இடம். ஸ்குரூ ட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் மணி மாதிரி "டண்" என்னும். செத்த தகரம் பலகை மாதிரி "டப்" என்னும். சந்தேகமான இடத்தில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் அது தகரமில்லை, பட்டி என்னும் பூச்சுப் பசை.

பின் சஸ்பென்ஷன் பூட்டு செத்திருந்தால் எஞ்சினுக்கு ஒரு சதமும் போடாமல் விற்றுவிடுங்கள். அது நல்லாக இருந்தால் மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய விடயம்.

கந்தளாய் வாத்தியார் | சனி, பிற்பகல் 3.20

பாஸ் சொல்வதற்கு இரசாயனக் காரணமும் உண்டு. உயர்தர வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை இப்போதாவது பயன்படுத்துகிறேன். இரும்பு கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். வெயில் அடித்தால் நீர் காய்ந்துவிடும், கறளும் நிற்கும். ஆனால் தகரத்தில் உப்புப் படிந்திருந்தால் கதை வேறு. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது கறியுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். மழை தேவையில்லை. உங்கள் ஊர் இரவுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேல்தான். அந்த உப்பு நீர் மின்னையும் நன்றாகக் கடத்தும், அதனால் அரிப்பு இன்னும் விரைவு. என்னுடைய காரும் பழையதுதான், ஆனால் கந்தளாய்க் குளத்துக் காற்றில் உப்பு இல்லை. அடித்தட்டு இன்றும் பெயின்டோடு இருக்கிறது.

இன்னொன்று. வாடை அடிக்கும் மாதங்களில் மழை காரின் மேலே உள்ள உப்பைக் கழுவிவிடும். அடிப்பகுதியை மழை கழுவாது. மேலே பளபளவென்று இருப்பதை வைத்துக் கீழே கணக்குப் போடக் கூடாது.

ஹைபிரிட் ரசிகன் | சனி, மாலை 5.00

2025 இலும் 2001 காருக்குத் தகரம் தட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். ஹைபிரிட் எடுங்கள், லீற்றருக்கு இருபதுக்கு மேல் ஓடும், பெற்றோல் மிச்சத்திலேயே தவணையைக் கட்டலாம்.

கணக்கன் | சனி, மாலை 5.40

கட்ட முடியாது. இவர் மாதம் எவ்வளவு ஓடுகிறார்? கண்டிப் பயணம், ஊருக்குள் ஓட்டம் எல்லாம் சேர்த்து 700 கிலோமீற்றர் என்று வையுங்கள். பழைய கார் லீற்றருக்கு 11, ஹைபிரிட் 20. மாதம் 64 லீற்றருக்குப் பதில் 35. மிச்சம் 29 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றாலும் 8,700 ரூபா. தவணை 66,000. நாள் முழுக்க வாடகைக்கு ஓடுபவருக்கு ஹைபிரிட் சோறு போடும், மாதம் ஒரு தடவை கண்டி போகிறவருக்கு அல்ல.

கிண்ணியா நானா | சனி, மாலை 6.10

பழைய ஹைபிரிட் எடுப்பவர்கள் பின் இருக்கைப் பக்கம் பற்றரிக்குக் காற்று இழுக்கும் விசிறியின் வலையையும் திறந்து பாருங்கள். கடற்கரை மணலும் தூசும் அடைத்தால் பற்றரி சூடேறி முன்னதாகவே சாகும். விற்பவர் அதைச் சொல்ல மாட்டார்.

தங்கச்சி கட்சி | சனி, இரவு 8.15

எல்லோரும் பணத்தையும் தகரத்தையும் பேசுகிறீர்கள், காருக்குள் இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. கதவுக்குக் கீழே உள்ள அந்தப் பெட்டி அழகுக்கு வைத்ததல்ல. பக்கத்திலிருந்து இடித்தால் உயிரைக் காப்பது அது. உக்கிய பெட்டியோடு அம்மாவை ஏற்றிக்கொண்டு கண்டி மலையில் போவீர்களா?

காற்றுப்பை இருந்தால் அதையும் விசாரியுங்கள். டகாட்டா என்ற ஜப்பான் கம்பனியின் காற்றுப்பை ஊதிகளில் அமோனியம் நைட்ரேட் இருந்தது. வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் அது ஆண்டுகள் போகப்போகக் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். உங்கள் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு உங்கள் தங்கச்சியைத் தெரியாது, ஆனால் அவர் சொல்வதில் பிழை இல்லை.

உவர்மலையான் | திங்கள், மாலை 6.30

நன்றி. நானா சொன்னபடி இன்று வேறு ஒரு கராஜில் அளந்தோம். அளவுகள்: 165, 160, 110, 162. மூன்றாவது சிலிண்டருக்குள் ஒயில் விட்டுத் திரும்ப அளந்தால் 114.

கிண்ணியா நானா | திங்கள், மாலை 6.38

அல்ஹம்துலில்லாஹ். நான்கு புள்ளி ஏறியது ஏற்றமே இல்லை. ரிங் நன்றாக இருக்கிறது. மூன்றாவதில் ஒரு வால்வு எரிந்திருக்கிறது, அதுதான் நடுக்கம். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து வால்வை மாற்றி, எல்லாச் சீலையும் புதிதாகப் போட்டு, ஹெட்டின் அடிமுகத்தைச் சமப்படுத்தி, புது கஸ்கட்டோடு பூட்டினால் போதும். கூலியோடு என்ன கேட்டார்கள்?

உவர்மலையான் | திங்கள், மாலை 6.45

1,10,000.

கணக்கன் | திங்கள், மாலை 6.47

ஒன்றரை மாதத் தவணைக்குக் கொஞ்சம் மேலே.

நிலாவெளி பாஸ் | திங்கள், மாலை 7.00

காரைத் தூக்கினீர்களா, இல்லையா?

உவர்மலையான் | புதன், இரவு 9.10

தூக்கினோம் பாஸ். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது, அதனால்தான் இரண்டு நாள் எழுதவில்லை.

பின் சஸ்பென்ஷன் பூட்டு இரண்டு பக்கமும் "டண்". சில்லு வளைவுகள் பரவாயில்லை. இடப்பக்கக் கதவுப் பெட்டியில் மேலே பெயின்ட் புதுக்கார் மாதிரி. தட்டினால் "டப்". காந்தம் வழுக்கிக்கொண்டு விழுந்தது. டிங்கர்காரர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார், பட்டி ஒரு முழ நீளத்துக்குப் பாளமாக விழுந்தது. உள்ளே தகரமே இல்லை, கறுப்புத் தூள். 2014 இல் முழுக்காருக்கும் பெயின்ட் அடித்தோம். அப்போது கறளை வெட்டாமல் அப்படியே பட்டி பூசி மூடியிருக்கிறார்கள். அந்த ஆண்டு நாங்கள் கொடுத்த காசுக்கு இப்படியும் செய்வார்கள் என்று அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. கொஞ்ச நேரம் காரின் கீழேயே நின்றார்.

ஓட்டுநர் தரையிலும் உள்ளங்கை அளவு ஓட்டை, விரிப்புக்கு அடியில். காற்றுப்பைப் பட்டியலில் எங்கள் கார் இல்லை, அதையும் கேட்டுவிட்டேன்.

நிலாவெளி பாஸ் | புதன், இரவு 9.35

காரை எப்போதாவது நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்தி வைத்தீர்களா?

உவர்மலையான் | புதன், இரவு 9.41

2022 இல். பெற்றோல் இல்லாமல் எட்டு மாதம் வீட்டு முன்னால் கடலைப் பார்த்தபடி நின்றது. கெட்டுப் போகக் கூடாது என்று அப்பா தடித்த உறை போட்டு மூடிவைத்தார்.

நிலாவெளி பாஸ் | புதன், இரவு 10.05

உறைதான் பாதி வேலையைச் செய்தது. ஈரம் உள்ளே போகும், வெளியே வராது. உப்போடு சேர்ந்து எட்டு மாதம் புழுங்கியிருக்கிறது. நிற்கும் காரில் வால்வு சீலும் காய்ந்து இறுகும். நானா கண்டுபிடித்த புகைக்கும் அந்த எட்டு மாதத்துக்கும் உறவு இருக்கும் என்பது என் கணிப்பு. அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவர் நல்லதை நினைத்துச் செய்தது.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பெட்டியை நல்ல தகரம் வரும்வரை வெட்டச் சொல்லுங்கள், அதற்குமேல் இரண்டு அங்குலம் சேர்த்து. புதுத் தகரத்தை மடித்து முழுநீளமும் வெல்டிங். மேலே ஒட்டுப் போட்டு மூடுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங் முடிந்ததும் பெட்டிக்கு உள்ளே மெழுகுப் பூச்சு அடிக்க வேண்டும், வெளியே அல்ல. கறளின்மேல் தார்ப் பூச்சு அடிப்பது புண்ணின்மேல் பிளாஸ்டிக் கட்டுவது மாதிரி. பற்றரி வயரைக் கழற்றாமல் வெல்டிங் தொடங்கினால் காரின் கம்பியூட்டர் போய்விடலாம், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஹைபிரிட் ரசிகன் | வியாழன், காலை 7.00

இப்போதாவது விற்கிறீர்களா?

உவர்மலையான் | வியாழன், இரவு 8.50

இல்லை. தகர வேலைக்கு 1,65,000 கேட்டார்கள். ஹெட் வேலையோடு 2,75,000. கணக்கன் ஐயாவின் அளவில் நான்கு மாதத் தவணைக்குச் சற்று மேல். முதலில் கேட்ட 4,85,000 க்கு எஞ்சின் போட்டிருந்தால் உக்கிய பெட்டிக்குள் நல்ல எஞ்சின் இருந்திருக்கும், நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

தங்கச்சியோடு ஓர் உடன்பாடு. இரண்டு ஆண்டு இதை ஓட்டுவோம். அதுவரை தவணை கட்டுவதாக நினைத்து மாதம் 40,000 வங்கியில் போடுவேன். கண்டிக்குப் போய்த் திரும்பும் அன்று ஹபரணையை ஆறு மணிக்குள் தாண்ட முடியாவிட்டால் அங்கேயே தங்குவோம், இது அவளுடைய நிபந்தனை. பெட்டி வெல்டிங் ஆகும் வரை அம்மா அந்தக் காரில் ஏறமாட்டார், இதுவும் அவளுடையது. இந்த மாதம் மூதூர் அண்ணாவின் வான் பையனைப் பிடிக்க வேண்டும், இலக்கத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

மூதூர் பயணி | வியாழன், இரவு 9.02

அனுப்பிவிட்டேன். 28,000 க்கு ஒத்துக்கொண்டான். தேநீர் நீங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கந்தளாய் வாத்தியார் | வியாழன், இரவு 9.20

வேலை முடிந்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். கிணற்று நீர் உவர் என்றால் குழாய் நீர். அதைச் செய்யாமல் மெழுகை மட்டும் நம்புவது பாதிப் பாடம்.

உவர்மலையான் | செவ்வாய், மாலை 5.15

ஹெட் பூட்டியாகிவிட்டது. நேற்றும் இன்றும் காலைக் குளிரில் தொடங்கிப் பார்த்தோம், புகை இல்லை. கார் இப்போது டிங்கர்காரரிடம். அப்பா தினமும் காலை எட்டு மணிக்கே போய்விடுகிறார். பற்றரி வயரைத் தானே கழற்றினாராம். வெல்டிங்காரருக்கு அவர் அங்கே நிற்பது பிடிக்கவில்லை, எனக்கு இரண்டு தடவை அழைப்பு வந்துவிட்டது.

ஒரு சந்தேகம், பாஸ். பழைய பெட்டியில் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. புதுத் தகரத்தில் இல்லை. உப்புக்காற்று உள்ளே போகாதபடி மூடியே விடலாம் என்கிறார் வெல்டிங்காரர். சரியா?

நிலாவெளி பாஸ் | செவ்வாய், மாலை 5.22

மூடவே கூடாது! அது தண்ணீர் வடியும் ஓட்டை. பழையதில் எத்தனை இருந்ததோ அத்தனையும், அதே இடத்தில் துளைக்கச் சொல்லுங்கள். அந்த ஓட்டைகள் மண்ணால் அடைபட்டதால்தான் உங்கள் பெட்டி உள்ளிருந்து உக்கியது. மாதம் ஒரு தடவை தென்னை ஈர்க்கால் குத்திவிட்டால் போதும்.

உவர்மலையான் | செவ்வாய், மாலை 6.40

அப்பாவுக்கு அழைத்துச் சொன்னேன். பழைய பெட்டியை எறிய விடாமல் வாங்கி வைத்திருக்கிறாராம். ஓட்டைகளை நூலால் அளந்துகொண்டிருக்கிறார். ஒரு பக்கத்துக்கு ஐந்து.